நாற்பத்தொன்பது புள்ளி எட்டு

மாலை ஷிப்டை ஒப்படைத்துவிட்டு
வெண்ணாற்றுப் பாலம் ஏறி இறங்கினால்
கூத்தாநல்லூரில் ஜெகபர் கடை.
பாதி இறக்கிய ஷட்டருக்குள் குனிந்து போனேன்.
நீர்மூழ்கி மோட்டார்கள் வயிறு திறந்து கிடந்தன.
செப்புக் கம்பிச் சுருள்களை ஒதுக்கி
மேஜைமேல் மூன்று ரெக்கார்டு பிளேயர்கள்.

பவுன்ராஜ் அரவை மில்லில் ஃபிட்டர், பெல்ட் கட்சி.
"மோட்டார் சொந்தக்காரன் மாதிரி.
ஒரு முழம் தள்ளி உட்கார வை.
நடுவில் ஒரு ரப்பர் வார் இருந்தால்
அவன் நடுக்கம் அவனோடு."

"எலி கடித்ததற்குப் பதில் எந்த வாரைப் போட்டாய்?"
என்றார் ஜெகபர்.
பவுன்ராஜ் பதில் சொல்லவில்லை.
சைக்கிள் ட்யூபில் வெட்டிய வளையம்.
கிளாரினெட்டின் நீண்ட சுரம் ஒன்று
பாதி வழியில் முழங்கால் மடங்கி
மறுபடி நிமிர்ந்தது.

ஜெகபருக்கு இடையில் யாரும் கூடாது.
தட்டின் அச்சுதான் மோட்டாரின் அச்சு.
உள்ளே அரிசிமணி அளவில் ஒரு படிகம்
விநாடியைப் பொடித்துப் பொடித்து எண்ணும்.
பிந்தினால் ஒரு தள்ளு, முந்தினால் ஒரு பிடி.
"கரண்ட் எப்படி வந்தாலும் எனக்கென்ன?"

மூன்றாவது என்னுடையது.
ரப்பர் சக்கரம் விளிம்பை உரசித் தள்ளும் ரகம்.
புயல் இரவில் பாட்டின் நடுவே மின்சாரம் போனது,
திரும்பி வர இருபத்திரண்டு நாள்.
அத்தனை நாளும் நான் கம்பம் நட அலைந்தேன்.
சக்கரம் இரும்புத் தண்டில் சாய்ந்தே இருந்தது.
சாய்ந்த இடத்தில் ஒரு பள்ளம்.
தட்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள்
ஐந்தாறு தடவை அந்தப் புயலைச் சொல்லிவிடும்:
டக். டக்.
மாற்றுச் சக்கரம் கிடைக்கிறது.
வாங்கவில்லை. காரணம் கேட்டால் தெரியாது.

சரி, தீர்ப்புக்கு வருவோம் என்று
புள்ளிகள் அச்சடித்த காகித வட்டத்தைத் தட்டில் வைத்து
விளக்கணைத்து, நியான் பல்பைப் பிளக்கில் செருகினார் ஜெகபர்.
வேகம் சரியென்றால் புள்ளிகள் நின்றுபோகும்.

பெல்ட்டில் நின்றன.
ஆணி அடித்தது போல் நின்றன.
படிகத்தின் தட்டில்
எறும்பு ஊர்வது போல முன்னால் நகர்ந்தன.
பவுன்ராஜ் துண்டை உதறித் தோளில் போட்டான்.
ஜெகபர் திருகாணியைத் தேடினார்.

எனக்கு மட்டும் ரிஜிஸ்டர் ஞாபகம் வந்தது.
எட்டு மணிக்கு என் கையால் எழுதினேன்,
அதிர்வெண் நாற்பத்தொன்பது புள்ளி எட்டு.
எங்கோ ஒரு அனல்மின் யூனிட் விழுந்திருக்கிறது.
நாடு முழுக்க ஒரு நூல் மெதுவாகச் சுற்றுகிறது.
பெல்ட் மோட்டார் அந்த அலையைப் பார்த்துக் காலெடுத்து வைக்கும்.
பல்பும் அதே அலையில்தான் கண் சிமிட்டும்.
இரண்டும் சேர்ந்து பிந்தினால்
பிந்தியது எப்படித் தெரியும்?
குற்றவாளியும் சாட்சியும் ஒரே சோற்றுப்பானை.
சரியாகப் போன ஒன்றுதான் ஓடுகாலியாகத் தெரிந்தது.

இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
கரண்ட் போனது.

வயலில் பம்புகள் ஒவ்வொன்றாக அடங்கின.
தவளைகளுக்கு இடம் கிடைத்தது.
என் சக்கரம் உடனே நின்றது, பழகிய இடத்தில் சாய்ந்து.
படிகத்தின் தட்டு எண்ண மறந்து தளர்ந்தது.
பவுன்ராஜின் நாலு கிலோத் தட்டு மட்டும்
ட்யூப் வளையத்தை இழுத்துக்கொண்டு ஓடியது.
ஸ்பீக்கர் செத்துவிட்டது. ஆனாலும் ஊசி முனையில்
கொசு அளவுக் கிளாரினெட்
கீழே, இன்னும் கீழே இறங்கியது.
"இருபத்தாறு, இருபத்தேழு" என்று
தோற்ற கட்சிக்காரர்தான் சுற்றை எண்ணினார்.

போன் அடித்தது.
சப்ஸ்டேஷனிலிருந்து புதுப் பையன்:
"மேடம், வடபாதி ஃபீடர் ட்ரிப்.
ஐசொலேட்டர் சாவி ஆணியில் இல்லை."

கைப்பைக்குள் கை விட்டேன்.
டிபன் பாக்ஸுக்கு அடியில் சில்லென்று இருந்தது.
"முப்பத்தொன்று" என்றார் ஜெகபர்.